சர்க்கார் கொடுத்ததற்கு நாங்கள் வைத்த பெயர்கள்

போன மாதம் லேபர் ஆபீசிலிருந்து இரண்டு கிளார்க்குகள் என் வீட்டைத் தேடி வந்தார்கள். கஷ்டப்படுகிறவர்களுக்குச் சர்க்கார் கொடுக்கும் பணத்தைத் தமிழில் 'உதவித்தொகை' என்று எழுதுவதா, 'நிவாரணம்' என்று எழுதுவதா, 'மானியம்' என்று எழுதுவதா என்று அவர்களுக்குள் வழக்கு. ஒருவர் கையோடு அகராதியைக் கொண்டுவந்திருந்தார். அகராதி மூன்றுக்கும் நல்ல சாட்சிதான் சொன்னது. நானும் மூன்றும் சரிதான் என்றேன். "அப்படிச் சொன்னா எப்படி சார், ஒண்ணைத்தானே போட முடியும்" என்று அகராதிக்காரர் சலித்துக்கொண்டார். காப்பி குடித்துக்கொண்டே பழைய கதை இரண்டைச் சொன்னேன். அதையே எழுதித் தரச் சொன்னார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட நல்ல வேலை யார் கொடுக்கப்போகிறார்கள்?

என் தகப்பனார் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டுகிறவர். அவர் தயவில் மலாக்காவில் இங்கிலீஷ் படித்தேன். கோர்ட்டில் கொஞ்ச காலம் கள்ளுக்கடைச் சண்டைகளை மொழிபெயர்த்தேன். அதன் பிறகு லேபர் ஆபீசில் துபாஷி வேலை கிடைத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் போனவன், தலை நரைத்துத்தான் வெளியே வந்தேன். தோட்டத்து ஜனங்கள் என்னைத் துபாஷி என்று சொன்னதில்லை. இங்கிலீஷ் படித்துக் காற்சட்டை போட்டவன் எவனாக இருந்தாலும் அவர்களுக்குக் கிராணிதான். நான் 'ஆபீஸ் கிராணி'.

துபாஷி வேலையில் முதல் விதி, 'அவன் சொல்கிறான்', 'அவள் சொல்கிறாள்' என்று பேசக் கூடாது. சொல்கிறவர் 'நான்' என்றால் துபாஷியும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். வெள்ளைக்கார அதிகாரியான துரைக்கு இடது பக்கம், அரையடி பின்னால் நிற்க வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இந்த விதிப்படி எனக்கு எத்தனையோ தடவை பிரசவ வலி வந்திருக்கிறது. எத்தனையோ புருஷன்மார் என்னைக் குடித்துவிட்டு அடித்திருக்கிறார்கள். மீசையைத் தடவிக்கொண்டே "நான் ஏழு மாதக் கர்ப்பிணி, சார்" என்று முதல் தடவை இங்கிலீஷில் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது. துரை சிரிக்கவில்லை. "அப்படியானால் ரப்பர்ப் பால் வெட்ட அனுப்பியது தவறு" என்று என்னைப் பார்த்தே சொன்னார்.

அந்தத் துரையைக் குடைத் துரை என்று ஜனங்கள் அழைத்தார்கள். மழையானாலும் வெயிலானாலும் கறுப்புக் குடை ஒன்று கையில் இருக்கும். நெடிய, மெலிந்த உடம்பு. இந்த வேலைக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் தமிழ் படித்துப் பரீட்சை தேற வேண்டும். இவர் சென்னைப் பக்கம் ஒரு முன்ஷியிடம் படித்தவர். முன்ஷி இலக்கணப் புலி போலிருக்கிறது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று, "நீங்கள் யாவரும் நலந்தானா?" என்று இவர் கேட்டால், தேவாரம் பாட ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துக் கிழவர்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார்கள். அவர் பேசுவது அவர்களுக்குப் பாதிதான் புரியும். அவர்கள் பேசும் வேகம் அவருக்குப் பாதிதான் பிடிபடும். மீதிப் பாதிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

புதிதாக ஒரு தமிழ்ச் சொல் காதில் விழுந்தால் அவர் உதட்டுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்ப்பார். மோட்டாரில் போகும்போது பக்கத்தில் முணுமுணுப்புக் கேட்டால் ஏதோ சொல் உள்ளே இறங்குகிறது என்று நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டம். அங்கே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம், அத்தாப்பு ஓலைக் கூரையும் மண் தரையுமாக. பிள்ளைகள் ஒழுங்காக வந்து படித்தால் பள்ளிக்குச் சர்க்கார் பணம் கொடுக்கும் என்று அப்போது உத்தரவு வந்திருந்தது. ஜனங்களுக்கு அதைத் தானே சொல்ல வேண்டும் என்று துரைக்கு ஆசை. வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, "இப்பள்ளிக்குச் சர்க்கார் மானியம் வழங்கியிருக்கிறது" என்றார். அழகான தமிழ். எனக்குச் சேர்க்கவோ நீக்கவோ ஒன்றும் இல்லை. ஜனங்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வீராசாமி என்ற பால் வெட்டுகிறவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தே கும்பிட்டுவிட்டார். திரும்பும் வழியில் துரை, "கல்வியின் மேல் இவர்களுக்கு இவ்வளவு பக்தியா?" என்று வியந்துகொண்டே வந்தார்.

சில வாரங்கள் கழித்துத் தோட்டத்து மானேஜரான பெரிய துரையிடமிருந்து கோபமாக டெலிபோன். உங்கள் பேச்சைக் கேட்டு என் ஆட்கள் நிலத்தைப் பிடித்துவிட்டார்கள் என்றார். ஓடிப் போய்ப் பார்த்தோம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், ஆற்றோரம் வரைக்கும் காட்டைத் திருத்தி, நாலு மூலையிலும் கம்பு நட்டு, மஞ்சள் துணி கட்டி, மரவள்ளி போட்டிருந்தார்கள். இலை விட்டுத் தளதளவென்று நின்றது.

வீராசாமியைக் கூப்பிட்டு விசாரித்தோம். அவருக்குப் பயமே இல்லை. "தொரைதானுங்களே மானியம்னு சொன்னாரு! எங்க பாட்டனாரு கோயில்ல மேளம் வாசிச்சாரு. அவருக்கு மானியமா நெலம் இருந்துச்சு. வெட்டியானுக்கு மானியம், நாவிதருக்கு மானியம், எல்லாம் நெலந்தானுங்க. மானியம்னா நெலம். பள்ளிக்கூடத்துக்கு மானியம்னா பள்ளிக்கூடத்து நெலம். சர்க்கார் கொடுத்ததைச் சும்மா போட்டு வச்சா சாமிக்கே அடுக்காதுங்க."

நான் வீராசாமியாகவே நின்று, "என் பாட்டனார் கோயிலில் மேளம் வாசித்தார், சார்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பெரிய துரையின் முகம் சிவந்துகொண்டே வந்தது. குடைத் துரை குனிந்து ஒரு மரவள்ளி இலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பெரிய துரையைத் தள்ளிக் கூட்டிப்போய் வெகு நேரம் பேசினார். என்ன பேசினாரோ, அந்த நிலம் பள்ளித் தோட்டமாகவே நிலைத்தது. நிலம் தோட்டத்துக்கே சொந்தம், விளைச்சல் பிள்ளைகளுக்கு என்று ஏற்பாடு. கிழங்கு பிடுங்கிய அன்று எங்களுக்கும் வேகவைத்துக் கொடுத்தார்கள். துரை தேங்காய்ப்பூ போட்டுத் தின்றார்.

அன்று மோட்டாரில் அவர் முணுமுணுக்கவில்லை. வெகு தூரம் வந்த பிறகு, "மானியம் என்பது பிழையான சொல்லா?" என்று கேட்டார். பிழையில்லை என்றேன். "இனிமேல் சொல் சரியா என்று உன்னிடம் கேட்க மாட்டேன்" என்றார். "அதைக் கேட்கிறவன் என்ன செய்வான் என்று கேட்பேன்."

அப்படியே கேட்டும் வந்தார். அந்தக் கேள்வியால் என் வேலை இரண்டு மடங்காயிற்று, ருசியும் அப்படியே. சந்தையில், கோயில் வாசலில், பஸ்ஸில் எங்கே போனாலும் ஜனங்கள் எந்தச் சொல்லை எப்படிப் புழங்குகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். ரோட்டு வேலை பார்த்து ஓய்ந்தவனுக்கு ஒரே தடவையாகக் கொடுத்து அனுப்பும் பணத்தையும் 'பென்ஷன்' என்பார்கள். அடுத்த மாதம் மறுபடியும் வந்து கவுண்டரில் நிற்பார்கள். 'சகாயம்' என்றால் விலை மலிவு என்று எடுத்துக்கொண்டு, "எந்தக் கடையிலீங்க?" என்பார்கள். 'உதவி' என்றால் யாரோ கூடமாட வேலை செய்ய ஆள் வருகிறது என்று அர்த்தம். எந்தச் சொல்லும் தனியாக வருவதில்லை. பிறந்த ஊரையும் பட்ட பாட்டையும் கூடவே கட்டிக்கொண்டு வருகிறது.

அடுத்து நான் சொல்லப்போவது ரப்பர் விலை விழுந்த காலத்தில் நடந்தது. தோட்டம் தோட்டமாகப் பால் வெட்டுவதை நிறுத்தினார்கள். வேலைப் பதிவில் பெயர் வெட்டப்பட்டவர்கள் மூட்டையோடு ரோட்டில் நடந்து வருவதைத் தினமும் பார்த்தோம். வேலை இல்லாதவர்களைச் சர்க்கார் செலவில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. பெரும்பாலான தோட்டங்களில் ஜனங்கள் தாங்களாகவே வந்தார்கள். புலாவ் செபாங்குக்கு அருகே ஒரு தோட்டத்தில் மட்டும் ஒரு லயம் முழுக்க அசையவில்லை. மாதக் கடைசியோடு அங்கே அரிசி நிறுத்தம். லயத்தையும் பூட்டப்போகிறார்கள். கப்பலுக்குப் போகும் ரயிலில் அவர்களுக்கென்று பிடித்து வைத்த இடத்தை வேண்டாமென்றால் அது வேறு தோட்டத்துக்குப் போய்விடும். அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி எங்களிடம் அலுத்துக்கொண்டார். "நான் நல்லாத்தான் சொன்னேன் சார். இனாமா கப்பல், இனாமா சோறுன்னேன். கேட்டதும் எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. காத்தாயின்னு ஒருத்தி இருக்கா. அவ தலையை ஆட்டினாத்தான் அந்த லயம் ஆடும்."

காத்தாயி என்னைவிடச் சில வயது மூத்தவள். கறுத்த, உறுதியான உடம்பு; பால் வாளி தூக்கித் தூக்கி ஒரு தோள் சற்று இறங்கியிருக்கும். புருஷன் சின்னசாமி குளிர்காய்ச்சலில் மாதக்கணக்காகப் படுத்திருந்தான். லயத்து முன்னால் எல்லாரையும் உட்காரச் சொன்னோம். குடைத் துரை வெயிலில் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இது கடன் அல்ல. சர்க்கார் செய்யும் தர்மம். அஞ்ச வேண்டாம்."

 ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போனார். காத்தாயிதான் வாயைத் திறந்தாள்.

"தொரை சொல்றது வெளங்கிருச்சுங்க. தர்மம் வாங்கறதுக்கு நாங்க இன்னும் திருவோடு எடுக்கல."

துரைக்கு அது புரிந்துவிட்டது. கொஞ்சம் யோசித்து, "ஆஸ்பத்திரியை நீங்களே தர்மாஸ்பத்திரி என்கிறீர்கள். அங்கே போக ஒருவரும் வெட்கப்படுவதில்லையே?" என்று கேட்டார்.

"நோவு ராசாவுக்கும் வருங்க. ஆஸ்பத்திரியில நான் கையை நீட்டல. டாக்டருதான் என் கையைப் பிடிச்சு நாடி பாக்குறாரு. இங்க வேலை செய்யிற கையிருக்கு. அதை நீட்டச் சொல்றீங்க."

"இனாம் என்று கிராணி சொன்னாரே, அதற்கும் வரவில்லையே?" என்று நான் துரை சார்பில் கேட்டேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "எங்கப்பாவைக் கூட்டியாந்த கங்காணியும் இனாம்னுதான் சொன்னான். கப்பல் இனாம், கம்பளி இனாம், சோறு இனாம். தோட்டத்துக்கு வந்து நின்னப்பறம் எல்லாத்துக்கும் கணக்கு வந்துச்சு. எங்கப்பா சாகற வரைக்கும் அந்த இனாமைக் கட்டிக்கிட்டே இருந்தாருங்க."

எல்லாத் தோட்டங்களும் ஆட்கள் செய்த வேலையை வைத்துச் சர்க்காரிடம் கட்டிய பொதுப் பணம் ஒன்று உண்டு, கப்பல் செலவு அதிலிருந்துதான் என்று துரை விளக்கினார். நான் மொழிபெயர்த்தேன். காத்தாயி கூர்ந்து கேட்டாள்.

"அப்ப அதுல எங்களுக்குப் பாத்தியம் இருக்குங்களா?"

பாத்தியம் என்றால் உரிமை. ஊரில் அண்ணன் தம்பி பங்கு பிரிக்கும்போது சொல்கிற சொல். அந்தச் சொல்லைக் கேட்டதும் லயத்தில் தலைகள் நிமிர்ந்தன. ஆனால் துரை சட்டம் தெரிந்த மனிதர். மனம் இளகினாலும் இல்லாததை இருக்கிறது என்று சொல்ல மாட்டார். "கொடுக்கலாம் என்றுதான் சட்டம். கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. பாத்தியம் இல்லை என்று சொல்" என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்துவிடும். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. துபாஷி கூட்டக் கூடாது. "சட்டப்படி பாத்தியம் இல்லையாம்" என்றேன்.

காத்தாயி சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். "அவருக்குக் கஞ்சி வைக்கணும்" என்று உள்ளே போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

மோட்டார் பக்கம் திரும்பினோம். மழை பிடித்துக்கொண்டது. துரை குடையை விரித்தார். ஆனால் மோட்டாரில் ஏறவில்லை. "அந்த நோயாளியைப் பார்க்காமல் போகக் கூடாது" என்று திரும்பி நடந்தார். நானும் நனைந்துகொண்டே பின்னால் போனேன்.

காத்தாயி எங்களை எதிர்பார்க்கவில்லை. ஒரு மரப்பெட்டியைத் துடைத்துத் துரைக்குப் போட்டாள். அவர் சின்னசாமியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கொய்னா மாத்திரை வருகிறதா என்று விசாரித்தார். சின்னசாமி மெலிந்த குரலில், "ஊருத் தண்ணி குடிச்சா எந்திரிச்சிருவேனுங்க" என்றான். காத்தாயி சட்டென்று முகத்தைத் திருப்பி அடுப்பை ஊதினாள். போகத்தான் அவளுக்கும் ஆசை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மழை விடுகிற வழியாக இல்லை. கடுங்காப்பி கொடுத்தாள். விருந்தாளியிடம் பேசுவது போலத் துரையிடமே பேச்சுக் கொடுத்தாள்.

"தொரைக்குப் பொண்டாட்டி புள்ளைங்க?"

"சீமையில் இருக்கிறார்கள்."

"பாக்கப் போக மாட்டீங்களா?"

"சில வருஷங்களுக்கு ஒரு முறை லீவில் போவேன்."

"அம்மாந் தூரம் கப்பலுக்கு யாரு கொடுப்பாங்க?"

"சர்க்கார்."

"அப்பறம் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்களா?"

"இல்லை."

"அதுக்கு என்ன பேருங்க?"

"பாசேஜ்" என்றார் துரை.

அவள் கஞ்சியைத் துழாவிக்கொண்டே கேட்டாள்: "அதை யாராச்சும் தர்மம்னு சொல்வாங்களா தொரை?"

இதை மொழிபெயர்க்க நான் வாயெடுத்தேன். துரை கையை உயர்த்தி நிறுத்தினார். உதட்டுக்குள் அவர் ஏதோ சொல்வது கேட்டது. பாசேஜ், பாசேஜ், பாசேஜ். தாய்மொழிச் சொல்லையே புதிதாகப் படிக்கிறவர் போல இருந்தார். அதன் பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

"இது பொய்யாகாதே?" என்று இங்கிலீஷில் என்னிடம் கேட்டார்.

"கப்பல் கட்டணத்தைச் சர்க்கார் கொடுக்கிறது, திரும்பக் கேட்பதில்லை. உங்களுக்கும் அதுதான், இவர்களுக்கும் அதுதான், சார்."

"என்னுடையது என் வேலை ஒப்பந்தத்தில் இருக்கிறது. இவர்களுக்கு அது இல்லை."

"பெயர் ஒன்றுதான், சார். பாத்தியம் என்று நாம் சொல்லப்போவதில்லை."

"கேட்கிறவன் என்ன செய்வான்?"

"ரயில் ஏறுவான்."

குடையைக்கூட எடுக்காமல் லயத்துப் படியில் போய் நின்றார். மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். முன்ஷியின் தமிழ் எல்லாம் எங்கோ போய்விட்டது. "உங்கள் எல்லாருக்கும் சர்க்கார் பாசேஜ் கொடுக்குது. நானும் ஊருக்கு அதிலேதான் போறேன்!"

கதவுகள் திறந்தன. "தொரையும் இதுலதான் போறாராம்லா!" என்று யாரோ அடுத்த லயத்துக்குக் கூவினார்கள். காத்தாயி வாசலில் வந்து நின்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், மழையிலேயே சாக்கு தேடவும் சட்டி கட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

ரயில் ஏறிய அன்று புலாவ் செபாங் ஸ்டேஷனில் அவர்கள் நின்ற நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது. தலை சீவி, பூ வைத்து, பெட்டியில் இருந்த ஒரு நல்ல சேலையைக் கட்டியிருந்தார்கள். சின்னசாமியை நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். வேறு தோட்டத்து ஆள் ஒருவன் எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "நாங்க பாசேஜ்காரங்க" என்று ஒரு சிறுபெண் பதில் சொன்னாள். குடைத் துரை காது கேளாதவர் போல ரயில் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் நாங்கள் போன தோட்டங்களில் எல்லாம் அந்தச் சொல்லையே புழங்கினோம். தர்மமும் இனாமும் எங்கள் வாயில் வரவே இல்லை.

விலை மறுபடி ஏறியது. ஆட்கள் வேண்டும் என்று தோட்டங்கள் கேட்க ஆரம்பித்தன. ஒரு நாள் வேறு வேலையாகப் புலாவ் செபாங்குக்குப் போயிருந்தேன். ரயிலிலிருந்து இறங்கிய கூட்டத்தில், "கிராணி ஐயா!" என்று குரல். காத்தாயி. இடுப்பில் ஒரு கைக்குழந்தை. பின்னால் சின்னசாமி தலையில் மூட்டையோடு, தன் காலாலேயே நடந்து வந்தான். ஆள் சதை போட்டிருந்தான். எனக்கு இருந்த சந்தோஷத்தில் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

"ஊர்ல எப்படிப் பாத்துக்கிட்டாங்க?" என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்குற தம்பி!" மரியாதை விட்டுப்போனதை அவளும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. "மலாயாவுக்குப் போனவ வெறுங்கையா வந்திருக்காளேன்னு எளக்காரமாப் பேச வந்தாளுங்க. நான் விடுவேனா? சர்க்கார் பாசேஜ்ல லீவுக்கு வந்திருக்கோம்னுட்டேன். அப்பறம் பாக்கணுமே! மணியக்காரரே ஆளனுப்பி இவருக்கு ஒடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாரு."

"இப்ப?"

"இப்ப என்ன? லீவு முடிஞ்சிருச்சு, வந்துட்டோம்."

ஸ்டேஷனுக்கு வெளியே தோட்டத்து லாரி ஹாரன் அடித்தது. சின்னசாமி எங்கள் பேச்சு முடியும் வரை காத்திருக்கவில்லை. லாரியில் முன்பக்கம் இடம் பிடிக்க மூட்டையோடு ஓட ஆரம்பித்திருந்தான்.